சக்கரவர்த்தியின் குறட்டை

செத்துப் போன நாய்க்கு மூன்று நிமிடம் பேச நேரம் கொடுத்து, நேரம் முடிந்ததும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் இணைப்பைத் துண்டித்தவர் இந்தப் பூமண்டலத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் டிரங்கால் அக்கா. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். அந்த வரிசையின் முதல் ஆளாக அக்காவின் சொந்தத் தம்பியே நின்றான்.

தம்பியைக் குறை சொல்லவும் முடியாது. தொலைபேசி நிலையத்தில் வெளியூர் டிரங்கால்களை மூன்று நிமிடக் கணக்கில் இணைத்துக் கொடுத்தே தலை நரைத்து ஓய்வு பெற்ற அக்கா விட்ட கதைகள் அப்படி. புயலில் அறுந்த கம்பியின் இரண்டு முனைகளையும் பல்லால் கடித்துக்கொண்டு ஒரு மந்திரியின் பேச்சை முடித்துக் கொடுத்தாளாம். ஒருவன் இருமுகிற இருமலை வைத்தே அவனுக்கு எந்தக் காலில் செருப்பு கடிக்கிறது என்று சொல்லிவிடுவாளாம். ஆனால் அத்தனை புளுகுக்கும் நடுவே ஒரு விஷயம் சத்தியம். அந்தக் காது. இரண்டு பேர் பேசும்போது மூன்றாவதாக ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டால், அக்காவுக்குத் தெரிந்துவிடும். இணைப்பில் ஒரு கனம் கூடும் என்பாள். காதோரம் யாரோ ஈரத்துணியைத் தொங்கவிட்ட மாதிரி.

அன்று மதியம் தம்பி வீட்டின் பின்கட்டு அறையில் அவள் உணர்ந்தது அந்தக் கனத்தைத்தான். அறையில் படுத்திருந்தவை நான்கு நாய்கள். குறட்டை மட்டும் ஐந்து.

தம்பிக்கு நாய் வளர்ப்புதான் தொழில். சப்பை முகத்து நாய்கள். சுவரில் மோதி அப்படியே நின்றுவிட்டாற்போல முகம், முகத்தின் நடுவில் சட்டைப் பொத்தானின் ஓட்டை அளவுக்கு இரண்டு மூக்குத்துளை. முன்கூடம் முழுக்கக் கோப்பைகள். துடைக்க ஆரம்பித்தால் துடைத்து முடிப்பதற்குள் முதல் கோப்பை துருப்பிடித்துவிடும், அத்தனை. எல்லாம் சக்கரவர்த்தி வாங்கியவை. நடுவர்கள் அவன் முகத்தைத் தராசு மாதிரி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, இவ்வளவு சப்பையாக இதுவரை ஒரு முகத்தைப் பார்த்ததில்லை என்று உருகிப் போவார்களாம். போன கோடையில், ஒரு கண்காட்சியில் ஜெயித்துத் திரும்பும் வழியில், காரின் ஏசி பழுதானது. சக்கரவர்த்தி பின்சீட்டிலேயே போய்ச் சேர்ந்தான். "தூக்கத்துலயே போயிட்டான்க்கா. குறட்டை விட்டுக்கிட்டே போனான். ராஜ சாவு" என்று தம்பி எல்லோரிடமும் சொன்னான்.

செத்தானே தவிர, அப்பன் ஆவதை அவன் நிறுத்தவில்லை. பின்கட்டு அறையை ஒட்டிய சாமான் அறையில், இடுப்பு உயரத்துக்கு ஓர் அலுமினிய கேன் சக்கரப் பலகையின் மேல் நின்றது. உள்ளே திரவ நைட்ரஜன். அந்தக் கொடுங்குளிரில் சக்கரவர்த்தியின் உறைவிந்துக் குச்சிகள். கேனுக்கு மேலே சுவரில் அவன் படம். வீட்டிலிருந்த நான்கு பெண் நாய்களும் அவன் மகள்கள். மூத்தவள் சீமாட்டி. தலை பெருத்த குட்டிகள் என்பதால் எந்தப் பிரசவமும் தானாக நடக்காது. ஒவ்வொரு முறையும் சிசேரியன்தான். அவள் வயிற்றில் தையல் ஏணிப்படி போல ஏறியிருந்தது.

"இன்னொரு தடவை கிழிச்சா தாங்க மாட்டா" என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டாள். "அதுவும் பெத்த அப்பனோடதையே போடச் சொல்றீங்க. நான் செய்ய மாட்டேன்."

தம்பி அசரவில்லை. வெளியூரில் கேள்வி கேட்காத ஊசிக்காரர் ஒருவர் இருந்தார். அவரை அழைத்து வரக் காரெடுத்துக்கொண்டு கிளம்பினான். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவான், வந்ததும் சீமாட்டிக்குச் சினை ஊசி.

"ஏன்டா, அப்பனையே புருஷனாக்குறியே, உனக்குக் கூச்சமா இல்ல?"

"வம்சம்க்கா. ராஜ வம்சம். வெளி ரத்தம் கலந்தா மூக்கு நீண்டுடும். நீண்டா நடுவர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டார்."

"மூச்சு விட வழியில்லாத ராஜாவுக்குக் கிரீடம் ஒரு கேடா? நான் இருக்கிற வரைக்கும் அவ மேல ஊசி படாது, பாத்துக்க."

"நீ இருக்கிற வரைக்கும் நாய்ங்களப் பாத்துக்க, அது போதும். ஏசி ஓடணும். குறட்டையைக் கேட்டுக்கிட்டே இரு. குறட்டை வந்தா நல்லா தூங்குதுன்னு அர்த்தம். நின்னா மட்டும் பயப்படு."

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் வைத்திருந்த கணக்கு அது. கேட்டால் நிம்மதி, நின்றால் பயம்.

ஆக, அக்கா மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். ஏசியின் சீரான இரைச்சலுக்கு அடியில், கிருமிநாசினி வாசமும் ஈரத் தோலின் புளித்த வாசமும் கலந்த அந்தக் குளிரில், வெள்ளை ஓடு பதித்த தரையெங்கும் பரவி, நான்கு குறட்டைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல எழுந்து அடங்கின: இரண்டு குட்டி இழுப்பு, பிறகு ஒரு நீள விசில். அப்பனுடைய தாளம் அது. மகள்கள் நாலு பேரும் அச்சுப் பிசகாமல் வாங்கியிருந்தார்கள். கடைக்குட்டியின் விசில் கொஞ்சம் கீச்சு. சீமாட்டியுடையது கனத்தது, ஓரத்தில் கிழிந்தது. இவை நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டால், மிச்சமாக அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

இருந்தது.

இரண்டு குட்டி இழுப்பு. ஒரு நீள விசில். மற்ற நான்குக்கும் அரை நொடி முன்னால், பாட்டு வாத்தியார் முதலில் எடுத்துக் கொடுப்பது போல.

குளிர்சாதனப் பெட்டியாக இருக்கும் என்று சமையலறைக்குப் போய்க் காதை வைத்துப் பார்த்தாள். அது தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதியத் தூக்கம் போடுகிறாரோ என்று ஜன்னலைத் திறந்தாள். வெயில் மட்டும் உள்ளே விழுந்தது. திரும்பி வந்தபோது சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருக்க முயன்றாள். சாமான் அறையின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

அக்கா கைபேசியை எடுத்தாள்.

"டேய், அந்தக் கேன் குறட்டை விடுதுடா."

தம்பி சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியிருக்கும். "ஆரம்பிச்சிட்டியா? அது நைட்ரஜன் ஆவியாகுறது. புஸ்ஸுன்னு கேக்கும். மந்திரிக்கு லைன் குடுத்த கதையை ஊசிக்காரர் நாளைக்கு வரும்போது அவர்கிட்ட சொல்லு."

"நாளைக்கா?"

"ஆமா, இன்னிக்கு முடியாதுன்னுட்டார். காலைல வர்றார். நான் திரும்பிக்கிட்டிருக்கேன்."

அக்கா கைபேசியைக் காதோடு அழுத்தினாள். அவன் பேச்சுக்குப் பின்னால் இணைப்பு கனத்திருந்தது. இஞ்சின் ஓசை, சக்கரத்தின் ஓசை, அவன் மூச்சு. அதற்கும் பின்னால், பின்சீட்டின் ஆழத்திலிருந்து, இரண்டு குட்டி இழுப்பு. ஒரு நீள விசில்.

"கார்ல உன்கூட யாருடா?"

"யாருமில்ல. ஏன்?"

அப்போது மின்சாரம் போனது.

ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அது இத்தனை நேரம் எவ்வளவு சத்தத்தை மூடி வைத்திருந்தது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. வெயில், காத்திருந்தவன் போல ஜன்னல் வழியாகவும் கூரை வழியாகவும் இறங்கியது. வெள்ளை ஓடுகள் வியர்த்தன. அறையின் மூலைகளில் இருந்த குளிர் சுருண்டு, கால்விரல்களைத் தாண்டி, சாமான் அறைப் பக்கமாக நகர்ந்து போனதை அக்கா தன் கணுக்காலில் உணர்ந்தாள். நாய்களின் விசில்கள் நீண்டன. அவள் துண்டுகளை நனைத்து நான்கின் மீதும் போர்த்தினாள். பனிக்கட்டித் தட்டைக் கவிழ்த்துக் கழுத்துகளில் தேய்த்தாள். சீமாட்டியின் நாக்கில் ரோஜா நிறம் போய் நாவல்பழ நிறம் வரத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லடி என் கண்ணு. மூச்சை விடு. அக்கா இருக்கேன்ல."

சீமாட்டி எழுந்தாள். மற்ற மூன்றும் எழுந்தன. ஈரத் துண்டுகள் வழுக்கிக் கீழே விழுந்தன.

நான்கும் சாமான் அறையைப் பார்த்துத் திரும்பி நின்றன. வெறுமனே நிற்கவில்லை. கண்காட்சித் திடலில் நடுவர் முன்னால் நிறுத்துவார்களே, அந்த நிலை. முன்கால்கள் நேராக, பின்கால்கள் சற்றே பின்னுக்கு இழுத்து, முதுகு மட்டமாக, தாடை மேலே. எப்போதும் தம்பிதான் அவற்றின் காலைப் பிடித்து ஒவ்வொன்றாக வைத்து, தாடைக்குக் கீழே விரல் கொடுத்து அப்படி நிறுத்துவான். இப்போது தாடைகளுக்குக் கீழே விரல் இல்லை. இருந்தும் மோவாய்த் தோல் அமுங்கியிருந்தது. விரல் அகலத்துக்கு.

போர்முனையிலிருந்து வந்த அழைப்பையே கொட்டாவி விட்டபடி எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் அக்கா, இப்போது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே வாசல் வழியாக ஓடிவிடலாமா என்று யோசித்தாள். ஓடியிருப்பாள். சீமாட்டியின் வயிறு கண்ணில் பட்டது. மூச்சுக்கு இழுக்கும்போதெல்லாம் பழைய தையல்கள் ஒவ்வொரு படியாக விரிந்தன.

அவள் சாமான் அறைக்குள் போனாள்.

ஜில்லிப்பு. இருட்டு. கேனின் கழுத்தைச் சுற்றி வெண்பனி கட்டியிருந்தது. ஆவி போக இடம்விட்டு வைத்த மூடியின் இடுக்கிலிருந்து புகை வந்தது. வந்தது, நின்றது. உள்ளே போனது. புகை உள்ளே போனது! இரண்டு குட்டி இழுப்பாக உள்ளே. நீள விசிலாக வெளியே. அது இழுக்கும்போது பின்னால் நாய்கள் திணறின. அது விடும்போதுதான் அவற்றுக்குக் கொஞ்சம் கிடைத்தது. மிச்சம். எச்சில் மூச்சு.

வெண்பனியில் ஓர் அச்சு இருந்தது. கண்ணாடி ஜன்னலில் நாய் முகத்தை ஒட்டிப் பார்த்தால் விழுமே, அது போல. தட்டையாக. நடுவில் இரண்டு சிறு ஓட்டைகள்.

அக்கா வாயைத் திறந்தாள். வந்தது அவள் வீட்டுக் குரல் அல்ல. நிலையத்துக் குரல்.

"ஹலோ. லைன்ல யாரு?"

மூச்சு நின்றது.

பிடிபட்ட ஒட்டுக்கேட்பவன் செய்வதையே அதுவும் செய்தது. அடக்கிக்கொண்டது. கூடவே பின்னால் நான்கும் நின்றன. ஒரு சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். நான்கு நாய்கள். தாடை மேலே. மார்பு அசையவில்லை. கண்கள் மட்டும் பிதுங்கி அவளைப் பார்த்தன.

"விடு."

இல்லை.

"மூச்சை விடுடா!"

இல்லை. கடைக்குட்டியின் பின்கால் நடுங்கியது. ஆனாலும் நிலை கலையவில்லை.

அக்கா கேனின் மேல் கையை வைத்தாள். உள்ளங்கைத் தோல் பனியில் ஒட்டிக்கொண்டது. எரிந்தது. எடுக்கவில்லை. பயத்துக்கு மேலே இன்னொன்று ஏறி வந்தது. செத்தும் அடங்காத ஒருவன் நாலு பெண்களின் மூச்சைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். நிலையத்தில் அவள் பார்க்காத மிரட்டலா?

"சரி. பேசு. மூணு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது."

ஒரு கணம்.

இரண்டு குட்டி இழுப்பு. நீள விசில். பின்னால் நான்கும் சேர்ந்து இழுத்தன.

அது பேசியது. அதற்குத் தெரிந்த ஒரே பேச்சு மூச்சுதான். ஆனால் எத்தனையோ கம்பிகளின் இரைச்சலுக்குள் மனிதக் குரலைத் தேடிப் பழகிய காது, அந்த விசிலின் அடியில் ஒரு சாலையைக் கேட்டது. மூடிய கண்ணாடிகள். கொதிக்கும் தோல் சீட்டில் உருண்டு உருண்டு கதவில் இடிக்கும் ஒரு கோப்பை. இழுப்பு, இழுப்பு, எங்கேயும் போய்ச் சேராத இழுப்பு. பிறகு முன்சீட்டிலிருந்து தம்பியின் குரல், பாசமாக, சந்தோஷமாக: "நல்லா தூங்கு. இன்னும் கொஞ்ச தூரம்தான் ராஜா."

அவன் தூங்கவில்லை. வழி முழுக்க உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறான். முன்சீட்டில் இருந்தவன் அதைக் குறட்டை என்று நினைத்து நிம்மதியாக ஓட்டியிருக்கிறான்.

"கேட்டுச்சு" என்றாள் அக்கா. "எனக்குக் கேட்டுச்சு. பாவம்தான்டா நீ. அதுக்காக இதுங்க உன் பாக்கியைத் தீர்க்கணுமா?"

அவள் பேசிக்கொண்டே கேனை நகர்த்தினாள். சக்கரப் பலகை கிரீச்சிட்டது. வாசற்படியில் முட்டியது. யானையைக் குழந்தை போலத் தூக்கியதாகப் பிற்பாடு அவள் சொன்னதை நம்ப வேண்டாம். இடுப்பு பிடித்துக்கொண்டது, முழங்கை சிராய்ந்தது, இரண்டு முறை அழுதாள். ஆனால் தள்ளினாள். நாய்களுக்கு நடுவே. அவை கண்ணை மட்டும் திருப்பின. பின்கதவு. வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தரை.

விசில் உயர்ந்தது. புரிந்துகொண்டது.

"மூணு நிமிஷம் ஆயிடுச்சு. நீட்டிப்பு கிடையாது. வைக்கிறேன்."

கவிழ்த்தாள்.

வெள்ளைப் புகை தரையெங்கும் சீறிப் பரவியது. குச்சிகள் சிதறி வெயிலில் கிடந்தன, சிறியவை, நிறம் நிறமானவை, ஒன்றுக்கும் உதவாதவை. பின்கட்டு அறையில் நான்கு உடல்கள் பொத்தென்று விழுந்த ஓசை கேட்டு அவள் உள்ளே ஓடினாள். விழுந்து கிடந்தன. மார்புகள் ஏறி இறங்கின. மின்சாரம் வந்து ஏசி உறுமியது. அவள் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டாள்.

குறட்டையே இல்லை. முதல் முறையாக அந்த வீட்டில் நான்கு நாய்கள் சத்தமில்லாமல் தூங்கின.

வெயில் தாழும்போது கார் வந்தது. அக்கா சீமாட்டியை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, டாக்டரம்மாவிடம் போகக் கிளம்பி வாசலுக்கு வந்திருந்தாள். கருப்பையை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். இனி எந்த ஊசிக்காரரும் அவளைத் தேடி வரக் கூடாது. தம்பி இறங்கினான். இறங்கியதும் பழக்க தோஷத்தில் சுற்றி வந்து பின்கதவைத் திறந்து, யாரோ இறங்கக் காத்திருந்தான். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

"அவளைத் தூக்கிக்கிட்டு எங்க போற?"

"டாக்டர்கிட்ட. கேனைக் கவுத்துட்டேன். உன் வம்சம் கொல்லையில காயுது, போய்ப் பாரு."

அவன் ஓடிப் போய்ப் பார்த்தான். திரும்பி வந்தபோது முகம் கோணியிருந்தது. "பைத்தியமா உனக்கு? என் வாழ்க்கை அது! குறட்டை விட்டுச்சாம், கவுத்தாளாம்! ஊர் பூரா கதை விட்டது பத்தலைன்னு என் தலையில கை வெச்சிட்டியே! அவளைக் குடு. சக்கரவர்த்தியோட ஒரு பையன் வெளியூர்ல இருக்கான். அவனை வெச்சு..."

"குடுக்க மாட்டேன்."

"குடுக்கா!"

"உன்னால ஆனதைப் பாரு."

அவன் சீமாட்டியின் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். அக்கா பின்வாங்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே, மெதுவாகச் சொன்னாள்:

"நல்லா தூங்கு. இன்னும் கொஞ்ச தூரம்தான் ராஜா."

அவன் கை நழுவியது.

"அது... உனக்கு யாரு சொன்னா? கார்ல யாருமே..."

"அவன்தான் சொன்னான். அவன் தூங்கலடா. மூச்சு முட்டி வழியெல்லாம் உன்னைக் கூப்பிட்டிருக்கான்."

"பொய். நீ புளுகுற. நீ எப்பவும்..."

பேச்சு நின்றது. இரண்டு முறை இழுத்தான், குட்டியாக. மூக்கிலிருந்து ஒரு விசில் வந்தது, நீளமாக. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது. பின்னால் காரின் பின்கதவு மெல்லத் திறந்தது.

அவன் தாடை உயர்ந்தது. தானாக உயரவில்லை, மோவாய்க்கு அடியில் தோல் அமுங்கியிருந்தது, விரல் அகலத்துக்கு. இடது கால் சற்றே பின்னுக்கு இழுபட்டு, சரியான இடத்தில் வைக்கப்பட்டது. பிறகு வலது கால். முதுகு மட்டமானது. கைகள் இரண்டும் நேராகத் தொங்கின. அந்திவெயிலில் அவன் அசையாமல் நின்றான். முகம் ஏதோ உள்ளங்கையில் ஏந்தப்பட்டது போல இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பிப் பார்க்கப்பட்டது. ஒவ்வொரு திருப்பலிலும் அவன் மூக்கு முகத்துக்குள் கொஞ்சம் அழுந்தியது.

"அவனை விடு!" அக்கா கத்தினாள். சீமாட்டியைக் கீழே விடாமல் கத்தினாள். "லைன் கட்டாயிடுச்சு! விடுடா அவனை!"

இரண்டு குட்டி இழுப்பு. நீள விசில். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் அவளை நோக்கி இறங்கின. அவை பிதுங்கியிருந்தன.

"அக்கா... நீ சொன்னது... நடந்துச்சுக்கா."

விசில்.

"நடந்துக்கிட்டே... இருக்கு."